நிழற்குடையில் தூங்கியவர்

சங்கரம்மாள் உளுந்து களைந்துகொண்டிருந்தபோது நிவேதா வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகித் தென்காசிக்குப் போன மகள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கீழப்பாவூருக்குப் பஸ் ஏறி வந்தால், எந்தத் தாயும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"என்னட்டி, மாப்பிள்ளைகூட சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா எங்க?"

"இந்நேரம் எங்க இருப்பாக? பாவூர்சத்திரம் மார்க்கெட்லதான்."

"மத்தியானம் சாப்பிட வாராகளா?"

"எங்க வாராக? பொழுது சாயத்தான் வருதாக. லோடு ஜாஸ்தின்னு சொல்லுதாக. நானும் கேட்டுக்கிடுதது இல்ல."

நிவேதா செருப்பைக் கழற்றாமலே வாசல்படியில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. ராத்திரி அழுதிருக்கிறாள் என்று சங்கரம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வீட்டின் கதையை வாரா வாரம் படித்து வருகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதச் சாரலில், சங்கரம்மாளின் மகன் புவனேஷ் சிநேகிதர்களோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனான். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்த பையன். திரும்பி வரும்போது ஒரு வளைவில், ஈர ரோட்டில் பைக் சறுக்கியது. வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அன்றிலிருந்து குற்றாலம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சீசன் நன்றாக இருக்கிறது என்று உறவுக்காரர் யாராவது வாய் தவறிச் சொன்னால், சங்கரம்மாள் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். புவனேஷின் அறைக் கதவை அவள் திறந்து பார்த்ததே இல்லை. அவள் கணவர் மந்திரமூர்த்தியோ ராத்திரி முழுக்க முன்னறை நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பெயரைத் தங்களுக்குள் ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது எங்க அத்தை ஒரு படம் காட்டினாக" என்றாள் நிவேதா. "நம்ம குடும்பம்னு எங்க வீட்டு ஆளுக வாட்ஸ்அப் குரூப் இருக்குல்லா, அதுல வந்தது. ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன்மா. சிரிச்சிட்டு, பெறவுதான் பாத்தேன்."

அவள் போனைத் தாயின் கையில் கொடுத்தாள்.

கண்ட கண்ட இடத்தில் எடுத்த வேடிக்கைப் படங்களை எல்லாம் யாரோ தேடிப் பிடித்துக் கோத்து வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் ஒருத்தன் சிலையின் மடியில் தலைவைத்துத் தூங்கினான். இன்னொன்றில் கல்யாண வீட்டு வாழைக்குலைமேல் சாய்ந்தபடி ஒரு சமையல்காரர். சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹேண்டில்பாரில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற பெண். சுவருக்கு மேலே தொங்கிய செடி தலைமுடியாகத் தெரியும்படி, கீழே யாரோ வரைந்த கிழவியின் முகம். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

நிவேதா விரலால் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தினாள்.

பஸ் நிறுத்தத்து நிழற்குடை. பின்னால் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பையனின் ஓவியம். புத்தகத்தை விரித்துக் கருத்தாகப் படிக்கிறான். முகம் மட்டும் இன்னும் வரையப்படாமல் வெள்ளையாக இருந்தது. அவனுக்கு நேர் கீழே, சிமெண்ட் பெஞ்சில், வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் மல்லாந்து தூங்குகிறார். முகத்தின்மேல் கவிழ்த்து வைத்த தடிப் புத்தகம். அட்டையில் 'குரூப் 4 வழிகாட்டி' என்று பெரிய எழுத்து.

'சுவத்துல இருக்கவன் படிக்கான், பெஞ்சுல இருக்கவரு தூங்குதாரு. யாருக்கு வேலை கிடைக்கும்?' என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஊர்ப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள். 'தாத்தாவுக்கு ஒரு ஹால் டிக்கெட் பார்சல்' என்று ஒருவன். 'புத்தகத்தை நேரா மண்டைக்குள்ள இறக்குதாரு' என்று இன்னொருவன்.

சங்கரம்மாள் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. தூங்குகிறவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, பழைய மண்வெட்டிக் காயத்தின் தடம். வயல் இருந்த காலத்தில் பட்ட காயம். மஞ்சள் பத்துப் போட்டு ஆற்றியவள் அவள்தான்.

"எந்த இடம் இது?"

நிவேதா போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"எந்த இடம்னு கேக்கேன்ட்டி."

"குத்தாலம் ரோடும்மா. அந்த வளைவு."

உளுந்துத் தண்ணீர் பாத்திரத்தின் விளிம்பில் வழிந்து தரையில் ஓடியது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

"தினமும் மார்க்கெட்னு சொல்லிட்டு அங்கன போய்ப் படுத்துக் கிடக்காகளா?" சங்கரம்மாளின் குரல் உயரவில்லை. "வீட்ல கண்ணை மூட மாட்டாக. பாய் விரிச்சுப் போட்டாலும் படுக்க மாட்டாக. என் பிள்ளையத் தின்ன இடத்துல போய், காலை நீட்டி, அசந்து தூங்குதாகளா?"

"அம்மா, நான் போய்க் கூட்டிட்டு வாரேன். நீ வீட்ல இரு."

"நானும் வாரேன்."

"நீயா?"

சங்கரம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "கதவைச் சாத்து."

*

பாவூர்சத்திரத்தில் பஸ் நின்றபோது, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே மார்க்கெட் அடங்கிக் கிடந்தது. தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களில் மந்திரமூர்த்தி இல்லை. இருக்க மாட்டார் என்று தெரிந்தும் சங்கரம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

தென்காசியில் இறங்கிக் குற்றாலம் டவுன் பஸ் பிடித்தார்கள். தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாகச் சனம் நெருக்கியடித்தது. ஈர நிக்கரோடு ஒரு குழந்தை சங்கரம்மாளின் மடியில் வந்து ஒண்டிக்கொண்டது. அதன் தாய், "மன்னிச்சிக்கோங்க அக்கா, சேலை நனையுது" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் சங்கரம்மாள்.

மேற்கே மலை தெரிந்ததும் சாரல் விழத் தொடங்கியது. நிவேதா தாயின் கையைப் பிடித்தாள். வழி நெடுகச் சங்கரம்மாள் மனசில் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். எப்படி மனசு வந்தது உங்களுக்கு? எனக்கில்லாத தூக்கம் உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? எல்லாக் கேள்வியையும் வரிசையாக வைத்திருந்தாள். முகத்துக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

வளைவுக்குச் சற்று தள்ளி பஸ் நின்றது.

நிழற்குடையை ஒட்டி ஒரு டீக்கடை. பெஞ்சின் முன்னால் நாலைந்து இளவட்டங்கள் நின்றிருந்தார்கள். குளித்துவிட்டு வந்த ஈரத்தலை. ஒருத்தன், தூங்குகிறவரின் பக்கத்தில் குனிந்து, தானும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டான். மற்றவன் படம் எடுத்தான்.

"இவருதாம்லே அந்த குரூப் ஃபோர் தாத்தா" என்றான் படம் எடுத்தவன்.

நிவேதா பாய்ந்தாள். "ஏய், யாரைலே படம் எடுக்க? உங்க அப்பாவா இருந்தா எடுப்பியா?"

பையன்கள் திகைத்து விலகினார்கள். டீக்கடைக்காரர் நயினார் வடிகட்டியும் கையுமாக வெளியே வந்தார். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி. ரெண்டு நாளா வாரவன் போறவன்லாம் இங்கனதான் நிக்கான்."

நிவேதா இன்னும் சத்தம் போட வாயெடுத்தாள். சங்கரம்மாள் அவள் தோளைத் தொட்டாள்.

"சத்தம் போடாத. அப்பா எந்திரிச்சிருவாக."

பிறகு அந்தப் பையனைப் பார்த்தாள். புவனேஷ் வயசுதான் இருக்கும்.

"எங்க வீட்டு ஆளுப்பா. ராத்திரி தூங்குறதில்ல. கொஞ்சம் தூங்கட்டும், என்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்ததை அழிச்சிருதேன் அக்கா" என்றான். ரோட்டில் கொஞ்ச தூரம் போய், திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட இப்போது சங்கரம்மாளின் வாயில் வரவில்லை. மந்திரமூர்த்தியின் மார்பு ஏறி இறங்கியது. மெல்லிய குறட்டை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவள் கேட்கிறாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

ஓவியத்துக்கு இப்போது முகம் இருந்தது.

அகலமான நெற்றி. வகிடு எடுக்காத சுருட்டை முடி. படிக்கும்போது கீழுதட்டை ஓரமாகக் கடித்துக்கொள்கிற வழக்கம். அது உட்பட அப்படியே இருந்தது. சங்கரம்மாள் சுவரை நோக்கி ஓர் அடி வைத்தாள். நிவேதா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா. தம்பிம்மா" என்றாள் நிவேதா. நயினார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். யார் என்ன என்று அவர் கேட்கவில்லை. நிவேதாவை மட்டும் கடைப்பக்கம் கூட்டிப்போய் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்.

சுவரின் மறு ஓரத்தில், பெயிண்ட் டப்பாக்களுக்கு மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்த ஒரு பெண் மெல்லப் பக்கத்தில் வந்தாள். சுடிதார் முழுக்கச் சாயம். புளியங்குடிப் பிள்ளை, பெயர் முத்துசெல்வி. சுவரில் படம் வரைய இந்தப் பகுதி இளைஞர் சங்கத்தார் கூப்பிட்டிருந்தார்கள்.

"நீங்க பெரியம்மாவா?" என்று, தூங்குகிறவரைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்.

சங்கரம்மாள் தலையசைத்தாள்.

"பெரியப்பா சொல்லுவாக, என்னைக்காவது ஒருநாள் நீங்க வருவீகன்னு."

"எப்பிடித் தெரியும் உனக்கு, எம்பிள்ளை முகம்?"

"பெரியப்பா போன்ல வச்சிருந்தாக. ஒரு பையன் படிக்க மாதிரி வரையணும்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாக சங்கத்துல. முகம் யாரு முகம் போடன்னு நான் முழிச்சிட்டு இருந்தேன். பெரியப்பா வந்து நின்னு, 'இந்த முகத்தைப் போடுவியாம்மா'ன்னு கேட்டாக. வேற ஒண்ணும் கேக்கல." முத்துசெல்வி கையிலிருந்த பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினாள். "தினமும் மத்தியானம் வருவாக. அண்ணனோட புத்தகத்தை எடுத்து, அண்ணன் பென்சில்ல கோடு போட்ட இடமா பாத்துப் படிப்பாக. எனக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவாக. அப்படியே தூங்கிருவாக. அதைத்தான் எவனோ படம் எடுத்துப் போட்டுட்டான். எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு பெரியம்மா."

"வேற என்ன சொல்லுவாக?"

அந்தப் பெண் தயங்கினாள். வீட்டுக்காரிக்குத் தெரியாததா என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"அந்த போனைப் பத்தித்தான். எப்பவும் அதைத்தான் சொல்லுவாக."

"எந்த போன்?"

"அன்னைக்கு அண்ணன் இங்கன இருந்து போன் பண்ணிச்சுல்லா. மழை விடலன்னு, இதே இடத்துல ஒதுங்கி நின்னு. பெரியப்பா வீட்ல மத்தியானம் படுத்துத் தூங்கிட்டு இருந்தாகளாம். தலைமாட்டுலதான் போன் இருந்துச்சாம். அடிச்சு அடிச்சு நின்னிருக்கு. காதுல விழல. 'அப்படி என்ன தூக்கம்மா எனக்கு? எடுத்திருந்தா வண்டியப் போட்டுட்டு பஸ்ல வாலேன்னு சொல்லிருப்பேன்'னு சொல்லுவாக. அதனாலதான் வீட்ல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குதாம்."

சங்கரம்மாள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போன் வந்த விஷயமே அவளுக்குத் தெரியாது. இப்போதுதான் கேள்விப்படுகிறாள். ஆனால் அந்த மத்தியானம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

விடியுமுன்னே மார்க்கெட்டுக்குப் போய் அலுத்து வந்த மனுஷன். சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் சாய்ந்தார். சாய்ந்தவுடன் போன் அடித்தது, ஏதோ வெண்டைக்காய் லோடு விஷயம். பேசிவிட்டுப் படுத்தார். திரும்ப அடித்தது. இந்த ஆளுகளுக்கு நேரம் காலம் கிடையாதா என்று முணுமுணுத்துக்கொண்டு அவள்தான் போனை எடுத்தாள். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை அடக்கினாள். அடுக்களையில் அரிசி டிரம்மின்மேல் வைத்துவிட்டு, வற்றலைக் கொல்லையிலிருந்து அள்ளப் போனாள். அவர் எழுந்திருக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வழக்கம்போலச் சத்தத்தைத் திரும்ப வைத்து, தலைமாட்டில் கொண்டு வைத்தாள். திரையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர் எழுந்து உட்காரவும் தெருவில் ஆட்கள் ஓடி வரவும் சரியாக இருந்தது.

அவர் தூங்கட்டும் என்று செய்தது. அதைச் செய்ததே மறந்துபோயிருந்தது.

தன் காதுதான் செவிடாகிப்போயிற்று என்று இரண்டு வருஷமாக ஒரு மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து அறையில் அவள் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை அவள் கேட்டிருந்தால்.

"பெரியம்மா? நான் ஏதும் தப்பா சொல்லிட்டனா?"

"இல்ல தாயி. நீ ஒண்ணும் தப்பா சொல்லல. நீ போய் வேலையைப் பாரு. முகம் அழகா வந்திருக்கு."

*

மந்திரமூர்த்தி கண் விழித்தபோது, பெஞ்சின் ஓரத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்திலிருந்த புத்தகம் அவள் மடியில் இருந்தது. அவர் திடுக்கிடவில்லை. எழுந்து உட்காரக்கூட இல்லை.

"யாரு சொன்னா?"

"நிவேதா. அங்கன டீக்கடைல இருக்கா."

"மார்க்கெட்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"உனக்கு இந்த இடம் ஆகாதுன்னுதான் சொல்லல. ஒருநாள் சும்மா பாக்கலாம்னு வந்தேன். உக்காந்தேன். எப்ப தூங்கினேன்னே தெரியல." அவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "வீட்ல முடியல சங்கரம். கண்ணை மூடினா எதுவோ அடிக்க மாதிரி இருக்கு. இங்கன பஸ் சத்தம், சனங்க சத்தம். அவனும் கடைசியா இங்கனதான் நின்னான்."

சங்கரம்மாள் குனிந்து, சாரலில் நனைந்திருந்த அவர் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டாள்.

"கோவமா?" என்று கேட்டார்.

"வரும்போது இருந்தது."

"இப்ப?"

"இப்ப உங்க மேல இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கண்கள் செருகத் தொடங்கியிருந்தன. இரண்டு வருஷக் கடனை ஒரே நாளில் அடைக்கப் பார்க்கிற தூக்கம். "இன்னும் கொஞ்சம் படுத்துக்கிடட்டா? போவணுமா?"

"படுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் தயங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரோட்டில் அத்தனை சனம் போய்க்கொண்டிருக்க, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அவள் விரலைக்கூடத் தொடாத மனுஷன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஏதும் போன் வந்தா எழுப்பிரு, என்ன?"

"ம்" என்றாள்.

தூங்கிவிட்டார். ஒரு சுற்றுலா வேன் வேகம் குறைத்தது. உள்ளிருந்து யாரோ கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். சங்கரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நிவேதா டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் லேசான ஒரு தெளிவும் வந்திருந்தது.

"டீயைக் குடிம்மா. எந்த பஸ்ஸுக்குப் போவோம்?"

"அப்பா எந்திரிக்கட்டும்."

"எந்திரிச்சதும் கிளம்பிருவோம்லா?"

சங்கரம்மாள் கணவரின் நெற்றியில் விழுந்த சாரல் துளியை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"இல்லட்டி. எந்திரிச்சதும் உங்க அப்பாட்ட நான் ஒண்ணு சொல்லணும். அதைக் கேட்டுட்டு அவக எங்கூட வீட்டுக்கு வருவாகளோ, மாட்டாகளோ. நீ கூட இரு."

"என்னம்மா சொல்லணும்?"

டீ டம்ளரை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள். வாயில் வைக்கவில்லை. மடியில் அவர் புரண்டு படுத்தார்.